பம்புசெட் ஸ்டார்ட்டர் போர்டில் ஷார்ட்: எங்கே தேடுவது, எப்படிச் சரிசெய்வது?

"காலையில சுவிட்சைப் போட்டா பியூஸ் போயிருது. மத்தியானம் போட்டா ஓடுது. என்னன்னே தெரியல ஐயா." ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தாமிரபரணிப் பாசனப் பகுதி விவசாயிகளிடம் அதிகம் கேட்கும் புகார்களில் இது ஒன்று. மோட்டார் நன்றாக இருக்கும், கேபிளிலும் குறை இருக்காது. சுவரில் மாட்டிய ஆட்டோ ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் இருக்கும் உள்ளங்கை அளவு சர்க்யூட் போர்டில்தான் கோளாறு இருக்கும்.

கைப்பேசி மூலம் மோட்டாரை இயக்கும் கருவிகளை வேளாண்மைப் பொறியியல் துறை மானியத்தில் வழங்கத் தொடங்கிய பிறகு, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, களக்காடு, ஸ்ரீவைகுண்டம் எனப் பல இடங்களிலும் இவற்றைப் பார்க்க முடிகிறது. கம்பெனிக் கருவிகள் போக, டவுனிலும் பேட்டையிலும் உள்ளூர் எலக்ட்ரீசியன்கள் கையால் ஈயம் வைத்துச் செய்து தரும் டைமர் போர்டுகள், தண்ணீர் மட்டப் போர்டுகளும் ஏராளம். கம்பெனிப் போர்டும் ஒருமுறை பழுது பார்க்கப்பட்டால் கையால் ஈயம் வைத்த போர்டுதான். ஷார்ட் அதிகம் வருவது இந்த வகையில். ஏத்தன் வாழை குலை தள்ளும் நேரத்தில் ஒரு வாரம் தண்ணீர் நின்றால் என்ன ஆகும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் எதை நீங்களே பார்க்கலாம், எதை எலக்ட்ரீசியனிடம் விட வேண்டும் என்பதைப் பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் உயிர்

பம்புசெட் அறைக்கு வருவது மூன்று பேஸ், 415 வோல்ட். மெயின் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மூன்று பியூஸ் கேரியர்களையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வேறு யாரும் வந்து மாட்டிவிட முடியாது. பிறகு மல்டிமீட்டரை ஏசி 750 வோல்ட்டில் வைத்து, மூன்று பேஸ்களுக்கு இடையிலும், ஒவ்வொரு பேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும் பாருங்கள். எல்லாம் பூஜ்யம் காட்ட வேண்டும். டெஸ்டர் ஸ்குரூடிரைவர் எரியவில்லை என்பதை மட்டும் நம்பிக் கை வைக்காதீர்கள். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கவே வேண்டாம்.

பெட்டியில் பெரிய கெபாசிட்டர்கள் இருந்தால், கரண்டை நிறுத்திய பிறகும் அவற்றில் மின்சாரம் தேங்கியிருக்கும். ஸ்குரூடிரைவரைக் குறுக்கே வைத்துப் பொறி தெறிக்க வைப்பது நம் ஊர் வழக்கம். அது கண்ணுக்கும் கெபாசிட்டருக்கும் கேடு. இழை பல்பு ஒன்றில் இரண்டு வயர் கட்டி முனைகளில் சற்று நேரம் தொடுங்கள், மின்சாரம் இறங்கிவிடும். பிறகு மீட்டர் வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

போர்டை எடுத்துப் பாருங்கள். இரும்புத் தகடு அடுக்கிய டிரான்ஸ்பார்மர் இருந்து, அதிலிருந்து 12 வோல்ட் வருகிறது என்றால், கீழே சொல்லும் சோதனைகளைச் செய்யலாம். டிரான்ஸ்பார்மர் இல்லாமல் நேரடியாக மெயின் மின்சாரத்தை டிசியாக மாற்றும் எஸ்எம்பிஎஸ் வகை என்றால் தொடாதீர்கள். 230 வோல்ட் வகையிலேயே அதன் கெபாசிட்டரில் சுமார் 325 வோல்ட் டிசி நிற்கும். காட்டுப்பன்றிக்காகப் போட்ட சூரிய மின்வேலியின் மின்துடிப்புக் கருவியையும் திறக்க வேண்டாம். பல ஆயிரம் வோல்ட் தருவது அது. விற்றவரிடமே கொண்டு போங்கள். உத்தரவாதக் காலம் முடியாத எந்தக் கருவிக்கும் இதே யோசனைதான்.

ஷார்ட் போர்டில்தானா?

பியூஸ் போனதும் போர்டைக் குற்றம் சொல்லிவிடுகிறோம். பல நேரங்களில் தப்பு வெளியே இருக்கும். காண்டாக்டர் காயில் கருகியிருக்கலாம், தொட்டிக்குப் போகும் மிதவை வயரை எலி கடித்திருக்கலாம், வயர் முனையில் பிரிந்த ஒற்றைச் செப்பு இழை பக்கத்து முனையைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். எனவே போர்டிலிருந்து வெளியே போகும் எல்லா வயர்களையும் கழற்றுங்கள். கழற்றும் முன் கைப்பேசியில் இரண்டு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வயர் எங்கே என்று பிறகு தடுமாற வேண்டாம். வயர்கள் இல்லாமல் போர்டுக்கு மட்டும் மின்சாரம் கொடுக்கும்போது பியூஸ் நின்றால் கோளாறு வெளியில். அப்போதும் போனால் போர்டில். இந்தச் சோதனையில் மின்சாரம் கொடுப்பது எலக்ட்ரீசியன் வேலை.

போர்டில் போட வேண்டிய கண்ணாடி பியூஸ் அரை ஆம்பியர் என்று எழுதியிருந்தால் அரை ஆம்பியர்தான் போட வேண்டும். சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றுவது, தடித்த செப்புக் கம்பியைக் கட்டுவது இரண்டும் பியூஸுக்குப் பதில் டிரான்ஸ்பார்மரை எரிக்கும் வழி.

கண்ணுக்கு முதல் வேலை

மீட்டரை எடுப்பதற்கு முன் பத்து நிமிடம் பார்வைக்கு ஒதுக்குங்கள். கையால் ஈயம் வைத்த போர்டில் பெரும்பாலான ஷார்ட் கண்ணிலேயே அகப்பட்டுவிடும். உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் நல்லது. இல்லையென்றால் கைப்பேசிக் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். பழுப்பு நிறப் போர்டு என்றால் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். செப்புப் பாதைகள் நிழலாகத் தெரியும். இரண்டு பாதைகளுக்கு நடுவே இருக்கக் கூடாத நிழல் இருந்தால் அதுதான் நீங்கள் தேடுவது.

ஐசி கால்களுக்கு இடையே உள்ள தூரம் 2.54 மில்லிமீட்டர்தான். ஈயம் ஒரு துளி கூடிவிட்டால் அடுத்த காலோடு பாலம் போட்டுவிடும். ரிலே கால்கள், வயர் மாட்டும் பிளாக்கின் கால்கள் இவற்றிலும் இப்படித்தான். வெட்டிப்போட்ட கம்பித் துண்டு போர்டுக்கும் பெட்டிக்கும் நடுவே கிடக்கும். போர்டைப் பெட்டியில் இறுக்கும் திருகின் தலை பக்கத்துப் பாதையை உரசிக்கொண்டிருக்கும். பெட்டிக்குள் இருக்கும்போது கெட்டு, வெளியே எடுத்தால் ஓடும் போர்டுகளுக்கு இந்தத் திருகுதான் பெரும்பாலும் காரணம். அங்கே ஒரு பிளாஸ்டிக் வாஷர் போட்டால் வேலை முடிந்தது.

பல்லியும் எறும்பும் தனிக் கதை. வெதுவெதுப்பாக இருக்கும் பெட்டி அவற்றுக்குப் பிடித்த இடம். பேஸ்களுக்கு நடுவே செத்துக் கருகிய பல்லியை எடுத்துப் போட்டதோடு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அது கருகிய இடத்தில் போர்டும் கருகியிருந்தால், அந்தக் கரியே மின்சாரம் கடத்தும். துடைத்தால் போகாது. கருப்பு முழுவதும் மறைந்து நல்ல போர்டு தெரியும் வரை சுரண்டி எடுக்க வேண்டும். 415 வோல்ட் பகுதியில் ஆழமாகக் கருகியிருந்தால் அந்தப் போர்டையே மாற்றிவிடுவது நல்லது.

மேலே உப்பிய கெபாசிட்டர், வெடித்த வட்ட வில்லை போன்ற எம்ஓவி ஆகியவற்றையும் கவனியுங்கள். இடி மின்னலில் வரும் மிகை மின்னழுத்தத்தைத் தன் மேல் வாங்கிக்கொண்டு ஷார்ட் ஆவது எம்ஓவியின் வேலை. அது வெடித்திருந்தால் போர்டைக் காப்பாற்றிவிட்டுப் போயிருக்கிறது என்று அர்த்தம். அதே எண்ணுள்ள புதியதைப் போடாமல், வெட்டி எறிந்துவிட்டு ஓட்டினால் அடுத்த இடியில் போர்டு முழுதும் போகும்.

மீட்டர் வைத்துத் தேடுதல்

மல்டிமீட்டரை 200 ஓம் அளவில் வைத்து இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொடுங்கள். 0.3 முதல் 0.8 வரை ஏதாவது காட்டும். அது மீட்டர் வயரின் தடை. அதை நினைவில் வைத்துக் கழித்துக்கொள்ளுங்கள்.

போர்டில் டிரான்ஸ்பார்மரை அடுத்து நான்கு டையோடுகளும், அதை அடுத்து உருளையான பெரிய கெபாசிட்டரும் இருக்கும். அந்தக் கெபாசிட்டரின் இரு கால்களில்தான் முதல் அளவு. நல்ல போர்டில் எண் குறைவாகத் தொடங்கி ஏறிக்கொண்டே போகும், கெபாசிட்டர் நிரம்புகிறது. ஒன்றிரண்டு ஓமில் அப்படியே நின்றுவிட்டால் 12 வோல்ட் பாதையில் ஷார்ட் உறுதி.

பீப் சத்தம் கேட்டால் எல்லாம் ஷார்ட் அல்ல என்பதை இங்கே சொல்ல வேண்டும். பல மீட்டர்கள் 30, 50 ஓம் வரைக்கும்கூடச் சத்தம் போடும். டிரான்ஸ்பார்மரின் 12 வோல்ட் சுற்றின் தடையே சில ஓம்தான். அதன் இரு முனைகளில் பீப் வருவது இயல்பு. அதைப் பார்த்து நல்ல டிரான்ஸ்பார்மரைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. சத்தத்தை விட எண்ணை நம்புங்கள்.

ஷார்ட் உறுதியானால் போர்டை இரண்டாகப் பிரித்துத் தேட வேண்டும். பெரும்பாலான போர்டுகளில் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கும் 7805 என்ற மூன்று கால் ரெகுலேட்டர் இருக்கும். அதன் உள்வரும் காலின் ஈயத்தை எடுத்து மெல்லத் தூக்குங்கள். மறுபடி கெபாசிட்டரில் அளந்து பாருங்கள். ஷார்ட் போய்விட்டால் கோளாறு ரெகுலேட்டரிலோ அதற்கு அப்பால் ஐசி, சிம் கார்டு மாட்யூல் பக்கத்திலோ இருக்கிறது. அப்படியே இருந்தால் டையோடுகள், கெபாசிட்டர், ரிலே இந்த மூன்றில் ஒன்று. மடையிலிருந்து கடைசி வரப்பு வரை உடைப்பைத் தேடும்போது நடுவில் ஓரிடத்தில் நின்று தண்ணீர் வருகிறதா என்று பார்ப்போமே, அதே முறைதான்.

டையோடைச் சோதிக்க மீட்டரில் டையோடு குறிக்கு மாற்றுங்கள். 1என் 4007 என்ற கருப்பு டையோடு ஒரு பக்கம் 500 முதல் 700 வரை காட்டும், மாற்றிப் பிடித்தால் எதுவும் காட்டக் கூடாது. இரு பக்கமும் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் செத்துவிட்டது. ஆனால் ரிலேயின் குறுக்கே இருக்கும் டையோடு இரு பக்கமும் ஏதோ ஒரு எண்ணைக் காட்டும். அது ரிலே காயிலின் தடை, 12 வோல்ட் சிறு ரிலேயில் 400 ஓம் அளவில் இருக்கும். சந்தேகம் வந்தால் டையோடின் ஒரு காலை மட்டும் தூக்கிவிட்டு அளந்தால் உண்மை தெரியும்.

பைக் பல்பும் ஸ்பிரேயர் பேட்டரியும்

இவ்வளவு பார்த்தும் ஷார்ட் எந்த இடம் என்று பிடிபடவில்லையா? ஒரு நல்ல வழி இருக்கிறது. பெரிய கருவி வேண்டாம். பேட்டரி ஸ்பிரேயரின் 12 வோல்ட் பேட்டரி, பைக் இண்டிகேட்டரின் 12 வோல்ட் 10 வாட் பல்பு, 2 ஆம்பியர் பியூஸ் ஒன்று போதும்.

போர்டுக்கு வரும் மெயின் வயர்கள் எல்லாம் கழற்றியிருக்க வேண்டும். டிரான்ஸ்பார்மரின் 12 வோல்ட் வயர்களையும் போர்டிலிருந்து எடுத்துவிடுங்கள். பேட்டரியின் பிளஸ் முனையில் பியூஸ், அதை அடுத்துப் பல்பு, அதிலிருந்து கெபாசிட்டரின் பிளஸ் கால். பேட்டரியின் மைனஸ் நேராகக் கெபாசிட்டரின் மைனஸ் கால். கெபாசிட்டர் உடம்பில் மைனஸ் பக்கம் கோடு போட்டிருக்கும், மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள்.

பல்பு ஒருமுறை மினுக்கிவிட்டு அணைந்தால், அல்லது மங்கலாக எரிந்தால், ஷார்ட் இல்லை. முழு வெளிச்சத்தில் எரிந்தால் ஷார்ட் இருக்கிறது. அப்போது 12 வோல்ட்டும் பல்பின் மேல்தான் நிற்கும். ஓடும் மின்சாரம் சுமார் 0.8 ஆம்பியரைத் தாண்டாது. போர்டில் மேற்கொண்டு எதுவும் எரியாது என்பதே இந்த முறையின் சிறப்பு.

இப்போது மீட்டரை 200 மில்லிவோல்ட் டிசியில் வையுங்கள். கருப்பு முனை பேட்டரி மைனஸ் சேரும் இடத்திலேயே இருக்கட்டும். சிவப்பு முனையைப் பிளஸ் பாதையில், பல்பு வயர் சேரும் இடத்திலிருந்து தொடங்கி, ஈயம் வைத்த ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுக்கொண்டே போங்கள். எண் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். எந்த இடத்துக்குப் பிறகு குறையாமல் அப்படியே நிற்கிறதோ, அந்த இடத்தில்தான் மின்சாரம் ஷார்ட்டுக்குள் இறங்குகிறது. கிளைப் பாதையில் இறங்கி எண் மாறாவிட்டால் அந்தக் கிளையில் ஷார்ட் இல்லை என்று விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம். சிவப்பு முனை நின்ற இடத்தைச் சுற்றி உருப்பெருக்கி வைத்துப் பாருங்கள். முடி போன்ற ஈய இழை ஒன்று சிரித்துக்கொண்டு நிற்கும்.

இந்தச் சோதனையை 12 வோல்ட் பாதையில் மட்டும் செய்ய வேண்டும். 5 வோல்ட் பாதையில் செய்தால், ஷார்ட் திடீரென விடுபடும் நொடியில் முழு 12 வோல்ட்டும் ஐசி மேல் பாய்ந்துவிடும். அங்கே ஒற்றை டார்ச் செல், அதாவது 1.5 வோல்ட், ஒரு 10 ஓம் ரெசிஸ்டர் வழியாகக் கொடுத்தால் போதும்.

காலையில் கெட்டு மதியம் ஓடும் போர்டு

மீட்டரில் ஒன்றிரண்டு ஓம் காட்டாமல், சில ஆயிரம் ஓம் காட்டி, தொட்டால் மாறி, ஊதினால் மாறினால் அது ஈரக் கசிவு. இரவுப் பனியில் நனைந்து காலையில் கெடும், வெயில் ஏறியதும் சரியாகும். தகரக் குழம்பு டப்பாவில் விற்கும் அமிலப் பேஸ்ட்டை வைத்து ஈயம் பற்றவைத்த போர்டுகளில் இது கூடுதல். அந்தப் பேஸ்ட் தகரம், பித்தளை ஒட்டுவதற்கானது. போர்டில் மிச்சம் தங்கினால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், செப்பை அரிக்கும், பச்சை பூக்கும். போர்டுக்கு உள்ளே ரோசின் உள்ள 60/40 ஈயக் கம்பிதான் சரி.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நாம் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணிக் கரையில் பல பம்புசெட் அறைகளில் வெள்ளம் ஏறியது. வெயிலில் உலர்த்தி மாட்டிய போர்டுகள் ஓடத்தான் செய்யும். ஆனால் வண்டலும் உப்பும் ஐசிக்கு அடியிலும் ரிலேக்கு அடியிலும் தங்கிவிட்டால், அடுத்து வரும் ஒவ்வொரு பனிக்காலத்திலும் அந்தக் கசிவு திரும்ப வரும். உலர்த்துவது மட்டும் போதாது, கழுவ வேண்டும்.

பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் பழைய பல் துலக்கும் பிரஷை நனைத்து மண்ணைத் தேய்த்து எடுங்கள். பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஒருமுறை கழுவுங்கள். கை கழுவும் சானிடைசர் வேண்டாம், அதில் கிளிசரின் இருக்கும். ஆல்கஹால் தீப்பிடிக்கும், பீடியையும் சால்டரிங் இரும்பையும் தூரமாக வையுங்கள். ஒருநாள் முழுக்க உலரட்டும். டிரான்ஸ்பார்மர் முங்கியிருந்தால் மோட்டார் காயில் கட்டும் கடையில் கொடுத்துச் சூட்டில் உலர்த்தி வாங்குங்கள். போர்டு நன்றாக ஓடுகிறது என்று உறுதியான பிறகு, காயிலுக்கு அடிக்கும் இன்சுலேட்டிங் வார்னிஷை ஈயப் பக்கம் மெல்லியதாக ஒரு பூச்சு கொடுக்கலாம். ரிலே, வயர் பிளாக், திருகி அளவு மாற்றும் பிரிசெட் இவற்றின் மேல் படக் கூடாது. ஈரத்தோடு வார்னிஷ் அடித்தால் ஈரத்தை உள்ளே பூட்டி வைத்ததாகிவிடும்.

பேட்டரி ஸ்பிரேயர் போர்டிலும் இதே கதைதான். மூடி வழியாகக் கசியும் மருந்துத் தண்ணீர் வேகம் கூட்டும் குமிழுக்குப் பின்னால் உள்ள போர்டில் காய்ந்து உப்பாகப் படியும். குமிழை எந்தப் பக்கம் திருப்பினாலும் மோட்டார் முழு வேகத்தில் ஓடினால், அங்குள்ள மாஸ்பெட் ஷார்ட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். கையுறை போட்டுக்கொண்டு திறங்கள், மருந்து அங்கேயும் மருந்துதான்.

ஈயத்தை எடுப்பது

பாலத்தைக் கத்தியால் சுரண்டினால் பாதையும் சேர்ந்து உரியும். 25 வாட் இரும்பு போதும். பாலத்தின் மேல் கொஞ்சம் ரோசின் தடவி, செப்பு வலைத் திரியை வைத்து, அதன் மேல் இரும்பை இரண்டு மூன்று நொடி வையுங்கள். ஈயத்தைத் திரி உறிஞ்சிக்கொள்ளும். 60/40 ஈயம் 190 டிகிரிக்குள் உருகிவிடும். அதிக நேரம் சூடு காட்டினால் பாதை போர்டை விட்டு எழும்பும். ஈயப் புகையை மூக்கருகில் வாங்காதீர்கள், முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பாடு.

இதைச் சரிபார்க்காமல் மாட்ட வேண்டாம்

உள்ளூரில் செய்யும் சில போர்டுகளில், வரிசையாக ஓட்டை போட்ட பொதுப் போர்டிலேயே 415 வோல்ட்டையும் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள். இதை நான் ஏற்பதில்லை. 2.54 மில்லிமீட்டர் இடைவெளி 12 வோல்ட்டுக்குப் போதும், பேஸுக்குப் பேஸ் போதாது. மெயின் பகுதிக்கும் 12 வோல்ட் பகுதிக்கும் நடுவே குறைந்தது 8 மில்லிமீட்டராவது செப்பே இல்லாத வெற்றிடம் இருக்கட்டும். இது போர்டு கெடுவதைப் பற்றிய கவலை மட்டும் அல்ல. 12 வோல்ட் பக்கத்திலிருந்துதான் தொட்டிக்கும் கிணற்றுக்கும் மிதவை வயர் போகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே ஷார்ட் வந்தால் தொட்டித் தண்ணீரில் மெயின் மின்சாரம் இறங்கும். மாடு தண்ணீர் குடிக்கும் தொட்டி, பிள்ளைகள் குளிக்கும் தொட்டி.

பழுது பார்த்த போர்டை மாட்டும் முன், டிரான்ஸ்பார்மரின் மெயின் பக்கத்துக்கும் 12 வோல்ட் பக்கத்துக்கும் இடையே 500 வோல்ட் மெகர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். காயில் கட்டும் கடைகளில் மெகர் இருக்கும். மல்டிமீட்டரில் எதுவும் காட்டவில்லை என்பது இங்கே போதுமான சான்று அல்ல. இதில் தவறினால் அந்தப் போர்டுக்குப் பரிதாபப்பட வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

முதல் முறை மின்சாரம் கொடுப்பதை எலக்ட்ரீசியன் சீரியல் பல்பு வழியாகச் செய்வார். இரண்டு பேஸில் வேலை செய்யும் போர்டு என்றால் இரண்டு 100 வாட் இழை பல்புகளை வரிசையாக இணைக்க வேண்டும், ஒரு பல்பு தாங்காது. எல்இடி பல்பு இதற்கு உதவாது. மோட்டாரை இணைக்காமல் அரை மணி நேரம் போர்டை மட்டும் ஓடவிட்டு, பிறகு கரண்டை முழுதும் துண்டித்து எதுவும் சுடுகிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

போர்டு கடையில் இருக்கும் நாட்களில் பயிர் காயக் கூடாது. ஆட்டோ, மேனுவல் என்று மாற்றும் சுவிட்ச் ஒன்றை இப்போதே எலக்ட்ரீசியனிடம் சொல்லிப் பெட்டியில் போட்டு வையுங்கள். போர்டைத் தவிர்த்துப் பச்சை, சிவப்புப் பொத்தானிலேயே மோட்டாரை ஓட்டலாம். ஆனால் ஓவர்லோடு ரிலேயையும் ஒற்றைப் பேஸ் தடுப்பானையும் எந்த நாளும் தவிர்த்து ஓட்டக் கூடாது. போர்டை மிச்சப்படுத்தப் போய் மோட்டார் காயிலைக் கட்டும் நிலை வரும். பெட்டியின் அடியில் கேபிள் நுழையும் ஓட்டைகளை ரப்பர் வளையமோ கேபிள் கிளாண்டோ போட்டு இன்றே அடைத்துவிடுங்கள். பிசான நெல்லுக்கு நாற்று விடும் முன் செய்துவிட்டால் பல்லியும் எறும்பும் மழைக்காலத்துக்கு வேறு வீடு தேடும்.